மூண்டு மாஸ்டரும் காணுக்குள் விழுந்த பிள்ளையும்

ஊவா மாகாணத்தில் மழைக்கே விசில் ஊதிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். இடைவேளைக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கையில் நமுனுகுல மலையிலிருந்து மழை இறங்கி வந்தது. அவர் அதைப் பார்த்து ஊதினார். மழை கேட்கவில்லை. மறுபடி ஊதினார். நாங்கள் இருபத்திரண்டு பெண்களும் ஹொக்கி மட்டைகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினோம். நடுக்கோட்டில் தனியாக நின்று, நனைந்த கைக்கடிகாரத்தில் அந்த நாலு நிமிஷத்தையும் முடித்துவிட்டுத்தான் அவர் வந்தார்.

பதுளை நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர். பெண்கள் கல்லூரிப் போட்டிகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் நடுவர். அந்தக் காலத்து விதிப்படி, பந்துக்கு முன்னால் நிற்கிறவளுக்குப் பந்தைக் கொடுக்க வேண்டுமென்றால், அவளுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியில் மூன்று பேராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓப்சைட். மற்ற நடுவர்கள் கண்ணால் எண்ணுவார்கள். இவர் வாயால் எண்ணுவார், விரலை நீட்டி, மைதானமே கேட்க: “ஒண்டு… ரெண்டு… மூண்டு!” அப்படித்தான் அவர் மூண்டு மாஸ்டர் ஆனார். சொந்தப் பெயர் எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

மட்டையின் பருமனை அளக்க அவரிடம் ஒரு பித்தளை வளையல் இருந்தது. மட்டை அதற்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். யாருடைய வளையல் என்று கேட்கும் துணிச்சல் எவளுக்கும் இல்லை. ஒருநாள் என் மட்டை பாதியில் சிக்கிக்கொண்டது. நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், கால்மணி நேரம் இழுத்தோம். இன்னொரு நாள் ஒரு மாடு உள்ளே வந்து பந்தைக் காலால் தடுத்தது. விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். “மாட்டைப் பற்றி ஒண்டும் எழுதேல்ல” என்று மனம் உடைந்து சொன்னார்.

அவரைப் பார்த்துச் சிரிக்காதவள் எங்கள் அணியில் ஒருத்திதான்: பாக்கியம். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலிக்காரர் வரிசை வீடான லயத்துப் பிள்ளை. அதிகாலை பஸ்ஸில் வந்து, கடைசி பஸ்ஸில் போவாள். பந்து அவள் மட்டைக்கு வந்தால் மலையோடை திரும்புகிற மாதிரித் திரும்பும். அந்த வருஷம் அவள் அப்பாவின் இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு ‘இல்லை’ என்று பதில் வந்திருந்தது. குடும்பத்தோடு இந்தியா போகிறார்கள். அவள் பார்த்திராத இந்தியா.

எங்கள் கல்லூரி மண்டபத்தில் ஒரு பலகை உண்டு. பண்டாரவளை அணியோடு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் ஆட்டத்தில் கோல் போட்டவர்களின் பெயர்களைப் பொன் மையில் எழுதுவார்கள். பாக்கியத்துக்கு அதுதான் கடைசி ஆட்டம்.

“நான் போயிருவேன், பேரு இங்கயே இருக்கும்ல?” என்றாள் என்னிடம், சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டே. “ஒரே ஒரு கோல் போதும்டி.”

கடைசி நிமிஷம் வரை யாரும் கோல் போடவில்லை. இடது ஓரத்திலிருந்து நான் பந்தை அடித்தேன். எனக்கு முன்னால் பாக்கியம். அவளை மறிக்க ஓடிவந்த பண்டாரவளைப் பிள்ளை ஒருத்தி, நான் அடிக்கிற அதே நொடியில் சறுக்கி, கோட்டைத் தாண்டிப் போய், கோலுக்குப் பின்னால் மழைத்தண்ணி ஓடுகிற காணுக்குள் விழுந்தாள். பாக்கியம் பந்தை நிறுத்தவில்லை, ஒரே அடி. கோலின் அடிப்பலகை அதிர்ந்தது. நாங்கள் கத்தினோம்.

மூண்டு மாஸ்டர் ஓடிவந்து விரலை நீட்டினார். கோல் காப்பவள். “ஒண்டு.” இன்னொரு தடுப்பாட்டக்காரி. “ரெண்டு.” விரல் அந்தரத்தில் நின்றது.

காணுக்குள்ளிருந்து சேறு பூசிய ஒரு தலை எழும்பியது. “நானும் இருக்கேன் சேர்!” தன் அணிக்கே கேடு என்று யோசிக்காமல் கத்தினாள் அந்த மகராசி.

“நீர் வெளியில. கோட்டுக்கு வெளியில நிக்கிற ஆளை எண்ணேலாது.” விசில். ஓப்சைட்.

பாக்கியம் அவருக்கு முன்னால் போய் நின்றாள். அழவில்லை. “காணுக்குள்ள விழுந்துட்டா ஆளே இல்லைன்னு ஆயிருமாங்க ஐயா?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஊதினது ஊதினதுதான், பிள்ளை” என்றார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அன்று அவர் வளையலை மைதானத்திலேயே மறந்துவிட்டுப் போனார்.

இரண்டு கிழமை கழித்துப் பதுளை ஸ்டேசன். காலை ரயில். தகரப் பெட்டிகள், பாய்ச் சுருட்டுகள், அம்மிக்கல்லைக்கூட விடாமல் கட்டிய மூட்டைகள். பாக்கியத்தின் அம்மா மலைப்பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் குடையோடு மூண்டு மாஸ்டர் ஜன்னலண்டை வந்து நின்றார்.

“கொழும்பு ஹொக்கிச் சங்கத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறன். வெளியில விழுந்த ஆளை எண்ணலாமோ எண்டு. பதில் வரேல்ல. வருமட்டும் அது கோலும் இல்லை, கோல் இல்லாததும் இல்லை.”

பொய்யாக ஒரு ‘கோல்தான்’ சொல்லியிருந்தால் என்ன? அவருக்கு வராது.

“பதில் வந்தா யார்கிட்டங்க சொல்லுவீங்க?” என்றாள் பாக்கியம். ரயில் நகர்ந்தது. அவர் குடையை மடித்துக்கொண்டு கூடவே நடந்தார், பிளாட்பாரம் முடியும் வரை.

பதில் ஒன்றரை மாதம் கழித்து வந்தது. ஆட்டத்தின் வேகத்தில் கோட்டைத் தாண்டியவளும் எண்ணிக்கையில் சேர்த்தி. மூண்டு மாஸ்டர் கோட்டு, டை எல்லாம் அணிந்து அதிபரிடம் போனார். தன் பிழை என்றார். பலகையில் பெயர் எழுதச் சொன்னார். அதிபர் புன்னகைத்தார்: “ஊதினது ஊதினதுதான் என்று நீங்கள்தானே, மாஸ்டர்…”

வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். “அந்தப் பிள்ளையின்ர விலாசம் இருக்கோ?”

“இல்லைங்க ஐயா. திருச்சிப் பக்கம்னுதான் சொன்னா.”

தலையாட்டிவிட்டுப் போனார். பிறகுதான் தெரிந்தது: தபாற்கந்தோரில் யாரையோ பிடித்து, இந்தியத் தபால் நிலையங்களின் பட்டியல் ஒன்றை வாங்கியிருக்கிறார். தினம் ஒரு தபாலட்டை, ஒரே வாசகம்: ‘தபால் அதிபர் அவர்கட்கு. நமுனுகுலையிலிருந்து வந்த பாக்கியம் என்னும் பிள்ளை உங்கள் பகுதியில் இருந்தால் தயவுசெய்து சொல்லவும்: அந்தக் கோல் செல்லும்.’ லால்குடிக்குப் போனது. முசிறிக்கு, துறையூருக்கு, மணப்பாறைக்குப் போனது. பதில் வந்ததாக நான் அறியேன்.

நான் கல்லூரியை விட்ட மாதம் அவரைத் தபாற்பெட்டியடியில் கண்டேன். நரைத்திருந்தார். கையில் ஒரு தபாலட்டை. போடுவதற்கு முன் தயங்கி என்னைப் பார்த்தார்.

“குளித்தலையும் திருச்சிப் பக்கம்தானே, பிள்ளை?”

அப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

“ஆமாங்க ஐயா, பக்கத்துலதான்” என்றேன்.