நாகசாகியில் மழை

மூன்றாம் லயம்,
கீழ்ப்பிரிவு,
தெஹியோவிட்ட.
19.05.2025, திங்கட்கிழமை

மகாகனம் பொருந்திய மச்சான் பழனியப்பன் அவர்களுக்கு, தங்கை புருஷன் ஏழுமலை இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை அன்னலட்சுமி, அவளுடைய முழங்கால் வலி மூவரும் சுகம். அங்கு நீங்களும், வீட்டில் உள்ளவர்களும், உங்கள் மகனும் என் மருமகனுமான ஜெயகாந்தனும், கடையும், கடைத் தராசும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை நிற்பாளாக.

மலையை விட்டு இறங்கினால் முக்கால் மணி நேரத்தில் உங்கள் கடை வாசல், அப்படியிருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். போனிலும் அதே கதைதான். முப்பது வருடமாக அப்படியே பழகிவிட்டது. கடிதத்தில்தான் என் முறை வரும். அதோடு, வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பியவருக்குப் பதில் எழுத்தில்தான் போக வேண்டும் என்று உங்கள் தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முறையாக எழுதுகிறேன். உங்கள் மருமகள் கிருஷ்ணகுமாரி மழையில் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து, கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. தனியாக நிற்கும் ஜெயகாந்தனுக்கு, மாமன் மகன் என்ற உரிமையில், நாகசாகியில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் மகள் சுகந்தினியைக் கேட்டீர்கள். அந்த நேரம் பார்த்து அவளும், “நாப்பது வருஷமா றப்பர் மரத்தையே பாத்தீங்க, கொஞ்சம் கடலையும் பாருங்கப்பா” என்று எனக்கு ஜப்பான் கரையோரமாகச் சுற்றும் கப்பலில் ஓர் இடம் எடுத்து அனுப்பினாள். கப்பல் நாகசாகியில் ஒரு பகல் நிற்கும். நீங்கள் ஒரு கவுளி வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய் எல்லாம் மஞ்சள் துணியில் கட்டிக் கொடுத்து, “போறதும் போறீங்க, வெத்தலையக் குடுத்துப் புள்ளையக் கையோட கூட்டிக்கிட்டு வந்துருங்க மச்சான்” என்றீர்கள். நானும் தலையை ஆட்டினேன். என் தலைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

முதல் அடி ஜப்பானில் இறங்கிய இடத்திலேயே விழுந்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஓர் அதிகாரி மஞ்சள் துணியை அவிழ்த்து, வெற்றிலையை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தேங்காயைக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டு, எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு எனக்குக் குனிந்து கும்பிடு போட்டார். கும்பிடு போட்டவரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது? நானும் குனிந்தேன், அவர் இன்னும் குனிந்தார், நான் அதைவிடக் குனிந்தேன். என் அறைத்தோழர், இரத்தினபுரி மாணிக்கக்கல் வியாபாரி அப்லால், “ஏழுமலை அண்ணே, பின்னால நூறு பேர் நிக்குறாங்க” என்று சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இன்னும் அங்கேதான் இருப்பேன்.

கப்பலில் ஏறினால், ஆபத்து வந்தால் எங்கே கூடுவது என்று ஒத்திகை. சங்கு ஊதியதும் என் கால் என்னைக் கேட்கவில்லை, தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போவதுபோல முதல் ஆளாகப் போய் நின்றது. நின்றதோடு விட்டதா? வரிசை கோணலாக இருந்ததால் ஆட்களை உயரப்படி நிறுத்தித் தலையை எண்ண ஆரம்பித்துவிட்டேன். பிந்தி வந்த ஒரு ஜப்பான் பெரியவரைப் பார்த்து, “இதுவா வர்ற நேரம்?” என்று கத்தியும் விட்டேன். எங்கள் கூட்டத்தில் வந்த கேகாலை டீச்சர் நோனா, “ஹரி ஹரி கங்காணி மாத்தயா” என்று சிங்களத்தில் சமாதானப்படுத்தி உட்கார வைத்தார். அந்தப் பெரியவர் மட்டும் பயணம் முடியும்வரை என்னைக் கண்டால் விறைப்பாக நின்றார்.

கோபேயில் வெந்நீர்க் குளம் என்று அழைத்துப் போனார்கள். நாம் பீலித் தண்ணீரில் தனியாக நின்றாலும் சாரத்தோடு குளிக்கிற பரம்பரை. அங்கே பிறந்த மேனிக்குத்தான் இறங்க வேண்டுமாம். நான் சாரத்தோடு ஒரு காலை வைத்ததும் குளம் முழுதும் எழுந்து கரையேறிவிட்டது. வெள்ளம் வந்தால்கூட நம் லயத்து ஆட்கள் அவ்வளவு வேகமாக எழுந்து போனதில்லை. குளிக்காமலே திரும்பினேன்.

ஹிரோஷிமாவில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு பெரிய கட்டடத்துக்குள் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கல் படி வைத்திருக்கிறார்கள். குண்டு விழுந்த காலையில் அதில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாராம். ஆள் போய்விட்டார், அவர் இருந்த இடம் மட்டும் கல்லில் கருப்பாகப் பதிந்து கிடக்கிறது. நான் கனநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏனோ உங்கள் வீட்டுப் படி ஞாபகம் வந்தது. அன்று மத்தியானமும் இரவும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பச்சை மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்லாலிடம் சொன்னேன்.

நாகசாகியில்தான் மச்சான், விதி விளையாடிவிட்டது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அப்படி ஒரு மழையை நம் ஊரிலேயே கண்டதில்லை. ஒருவரும் இறங்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். நான் மேல்தட்டில், சுகந்தினி கீழே குடையோடு. அவள் ஏதோ கத்தினாள், காற்று கொண்டுபோய்விட்டது. நானும் கையை ஆட்டினேன், அவளும் ஆட்டினாள், கப்பல் புறப்பட்டது. கையில் வெற்றிலையும் இல்லை. வெற்றிலை இல்லாமல் சம்பந்தம் பேசக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். ஆகவே போன காரியம் மழையால் கெட்டதே தவிர, என்னால் கெடவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கு வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், உங்கள் கடைவாசல் பிள்ளையாருக்கு என் சார்பில் ஒரு சிதறு தேங்காயும் சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத
ஏழுமலை

பின்குறிப்பு: மேலே உள்ளதை உங்கள் தங்கை இரண்டு தடவை வாசித்துவிட்டு, “சரி, அண்ணன் மனசு நோகாது” என்று கோயிலுக்குப் போய்விட்டாள். இனி எழுதுவது நானாக எழுதுவது.

நாகசாகியில் மழை பெய்யவில்லை. நல்ல வெயில். கப்பல் எட்டு மணி நேரம் நின்றது. சுகந்தினி வந்தாள், டிராமில் ஊரைச் சுற்றிக் காட்டினாள், சாப்பாடு வாங்கித் தந்தாள். நான் உங்கள் பேச்சைச் சொல்லி முடித்தேன். பிறகு கேட்டாள்: “கிருஷ்ணகுமாரி விழுந்த அன்னைக்கு மழையாப்பா?”

“ஆமா” என்றேன்.

“மழைன்னா றப்பர் மரத்துல பால் வெட்டு இல்லையே, எல்லாரும் வீட்லதானே இருப்பாங்க. அன்னைக்கு நீங்க பால் நிறுக்கிற எடத்துல இருந்துதானே எனக்குப் போன் பண்ணுனீங்க? இந்த வருஷத்துலயே இன்னைக்குத்தான் பால் கூடன்னு சந்தோசமாச் சொன்னீங்களே!”

அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. “நான் வரணுமாப்பா?” என்று மட்டும் கேட்டாள். வராதே என்று சொன்னது நான்தான் மச்சான். வெற்றிலையையும் எவரும் தேடிப் பிடிக்கவில்லை. நானாகத்தான் அந்த அதிகாரியைக் கூப்பிட்டுப் பையைத் திறந்து காட்டினேன்.

மரண விசாரணையில் மழை என்று சொல்லச் சொன்னது நீங்கள். சொன்னது என் வாய். உங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருக்கிற மலையில் பால் நிறுக்கும் கங்காணி சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளையின் கழுத்தைப் பார்த்தவனும் நான்தான். படி கழுத்தைப் பிடிக்காது. அவளுக்குச் செய்த துரோகத்துக்கு மேல் என் பிள்ளையையும் கொண்டுவந்து அதே படியில் நிறுத்த என்னால் முடியாது.

இந்தக் கடிதம் புதன்கிழமைதான் உங்கள் கைக்கு வரும். நாளை செவ்வாய்க்கிழமை காலையில் நான் பொலிஸுக்குப் போய், சொன்னதை மாற்றிச் சொல்கிறேன். அன்றைக்குப் பால் வெட்டிய பதினாறு பேரில் ஒன்பது பேர் என்னோடு வருகிறார்கள். காலையிலேயே வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டேன். எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். இன்றைக்கு இங்கே உண்மையாகவே மழை.