மாமனார் முகத்தில் யூகலிப்டஸ் தைலம்

என் தாடியை நான் ட்ரிம்மரால் ஒட்ட வெட்டிக்கொள்கிறவன். ஷேவிங் பிரஷ்ஷைக் கையால் தொட்டதில்லை. அப்படிப்பட்டவன் முதன்முதலாக நுரை போட்டது தன் முகத்துக்குக்கூட இல்லை, மாமனார் முகத்துக்கு. அதுவும் அவருடைய சின்ன மகள் கல்யாணத்தன்று காலையில்.

மாமனார் கொடைக்கானலில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் ஆயக்குடி கொய்யா வியாபாரியின் மகன், வேறு மதம். பெரிய மகள் ஜெனியை நான் ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டபோது அவர் வரவில்லை. பிறகு வீட்டில் சேர்த்துக்கொண்டார். ஆனால் என்னிடம் நேராகப் பேசமாட்டார். "ஜெனி, அவருக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு" என்பார். அவர் என்பது எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் நான். (எனக்கும் பழகிவிட்டது. "போதும்னு சொல்லு ஜெனி" என்பேன்.)

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பாசிப் படியில் வழுக்கி அவர் வலது கையில் மாவுக்கட்டு. சவரம் செய்ய வரவேண்டியவரோ பண்ணைக்காட்டிலிருந்து வரும் வழியில் சீசன் வேன்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். சர்ச்சுக்குள் மகளைக் கைபிடித்து அழைத்துப் போகவேண்டியவர் நரைத்த முள்தாடியோடு நின்றார்.

"அப்பா இப்படியேவா போட்டோவுல நிப்பாங்க? நீங்க போங்க, வெரசா!" என்று ஜெனி என்னை பாத்ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே அவரும் நானும் மட்டும். நடுவில் சேதி சொல்ல ஆளில்லை. அவர் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார்.

"பிரஷ்ஷ சுடுதண்ணில ஊறவச்சு நல்லா ஒதறணும்."

நானும் கண்ணாடியிடமே "சரிங்க" என்றேன். ஆனால் அவர் மேல் தெறித்துவிடுமோ என்ற பயத்தில் உதறவில்லை. குளிரில் விறைத்திருந்த டியூப், அமுக்க அமுக்க வராமல் இருந்துவிட்டு ஒரேயடியாக வந்து விழுந்தது. வேகவேகமாகச் சுற்றினேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி பெரிய பெரிய குமிழிகள்தான் வந்தன. கன்னத்தில் தடவியது கழுத்து வழியாக பனியனுக்குள் இறங்கியது.

"நொர நிக்கணும்," என்றார் கண்ணாடியிடம்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். நுரையில் கொஞ்சம் எண்ணெய் விட்டால் பிளேடு வழுக்கிக்கொண்டு போகும் என்று ஒரு வீடியோவில் பார்த்த ஞாபகம் வந்து தொலைத்தது. அலமாரியில் யூகலிப்டஸ் தைலம் இருந்தது. (கொடைக்கானல் வீட்டில் உப்புகூட இல்லாமல் போகலாம், தைலம் இல்லாமல் போகாது.) தாராளமாக விட்டேன். இருந்த கொஞ்ச நுரையும் செத்தது. மிச்சத்தை மூக்குக்குக் கீழிருந்து கிட்டத்தட்ட கண் வரைக்கும் அப்பினேன்.

"ஏலே! என்னத்தப் போட்ட?"

கல்யாணமாகி அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அந்தக் களேபரத்திலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்கினேன். இந்த முறை பிரஷ்ஷை உதறினேன். கொஞ்சமாகக் கிரீம் எடுத்து, துளித்துளியாகத் தண்ணீர் சேர்த்து, நிதானமாகச் சுற்றினேன். கெட்டித் தயிர் போல நுரை நின்றது. அவர் எரியும் கண்களை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினார். பிடிக்காத மருமகனிடம் ஒருவர் கழுத்தைக் கொடுப்பது லேசான காரியமா? ஒரு கீறல்கூட விழாமல் வழித்து முடித்தேன்.

சர்ச்சில் சின்ன மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "மாஸ்டரா அழுறாரு!" என்று பெஞ்சு பெஞ்சாக முணுமுணுப்பு. நான் கடைசி பெஞ்சில் கூனிக் குறுகிப்போனேன்.

சாப்பாடு முடிந்ததும் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"மன்னிச்சுருங்க மாமா. தைலம் இவ்வளவு நேரம் எரியும்னு எனக்குத் தெரியாது."

பக்கத்தில் கண்ணாடி எதுவும் இல்லை. அவர் என்னையே பார்த்தார்.

"அந்த எரிச்சல் வீட்டுலயே நின்னு போச்சு மாப்ள. ஜெனிய இப்படிக் கூட்டிக்கிட்டு நடக்காமப் போனேனேன்னு நெனச்சேன், அடக்க முடியல. அவகிட்ட சொல்லிராதீங்க. யாரு கேட்டாலும் தைலம்னே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் கண் கலங்கினாலும் "என்ன, தைலமா?" என்றுதான் கேட்பார்கள். விருந்தாளி வந்தால் ஜெனி இந்தக் கதையை நடித்தே காட்டுவாள். (நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.) அவள் சொல்லி முடித்ததும் மாமனார் என் பக்கம் திரும்புவார்.

"ஒங்களுக்கு நொர போடவே தெரியாது மாப்ள."

"ஆமா மாமா," என்பேன், நேராக அவரிடமே.