சீனி இல்லா மண்டலம்

உலகத்தைப் பிடித்த சர்க்கரை நோயை ஒழிக்கும் பெரும்பொறுப்பு, நாடு நாடாக அலைந்து, கடைசியில் கன்னியாகுமரியில் ஒரு குளிரூட்டிய அரங்கை வந்தடைந்தது மனித குலத்தின் நல்லூழ். பல தேசத்துப் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். ஒரு நோயாளியாவது இருந்தால் நன்றாயிருக்குமே என்று யாருக்கோ கடைசி நேரத்தில் தோன்றியதால் ஜெஸ்மியும் வந்திருந்தாள்.

ஜெஸ்மி மயிலாடியில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இன்சுலின் ஊசி. மாநாட்டில் அவளுக்குக் கிடைத்த பதவி 'வாழ்ந்தறிந்த குரல்'. சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் பேசலாம். மாதக் கடைசியில் அரசு மருந்தகத்தில் இன்சுலின் தீர்ந்துபோகிறது, அதற்கு ஒரு வழி செய்யுங்கள் என்று சொல்வதற்காகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பேசிப் பழகியிருந்தாள்.

கொள்கை வாசலிலேயே தொடங்கிவிட்டது. வளாகம் முழுவதும் 'சீனி இல்லா மண்டலம்'. அவள் கைப்பையில் ஆரஞ்சு மிட்டாய்களைக் கண்ட தொண்டர், வெடிகுண்டைக் கண்டவர்போலப் பதறினார்.

"ரத்தத்துல சீனி தாந்துபோனா வாயில போடதுக்கு வச்சிருக்கேன் அண்ணே."

"சீனியைத் தாழ்த்தத்தானே தங்கச்சி இவ்வளவு பேரும் வந்திருக்காவ! பயப்படாண்டாம்."

மிட்டாய்கள் உரிய மரியாதையுடன் முக்கடலில் கரைக்கப்பட்டன.

நிகழ்ச்சிநிரலில் ஒரு மணிக்குச் சாப்பாடு என்று போட்டிருந்தது. அதை நம்பி, போட்டதும் சாப்பிட்டே ஆகவேண்டிய ஊசியை ஜெஸ்மி போட்டுக்கொண்டாள். படித்த பெண்ணுக்கும் இப்படியொரு மூடநம்பிக்கை! அந்நேரம் பார்த்துப் பிரகடனத்தில் ஒரு சொல் சிக்கிக்கொண்டது. அரசுகளை 'வலியுறுத்துவதா', 'கேட்டுக்கொள்வதா'? அமைப்பாளர் டாக்டர் ஜெபசீலன் (பட்டம் மேலாண்மையில்) வலியுறுத்தும் கட்சி. வெளிநாட்டார் கேட்டுக்கொள்ளும் கட்சி. 'வலியுறுத்திக் கேட்டுக்கொள்ள' ஒரு துணைக்குழு அமைந்தது. மருத்துவம் படித்தவர்களெல்லாம் அதில் சேர்ந்து பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சொல் முடிவாகும்வரை சோறு கிடையாது.

ஜெஸ்மிக்கு வியர்த்துக் கொட்டியது. மேடையில் இரண்டு ஜெபசீலன்கள் தெரிந்தார்கள். ஒருவரே போதுமென்று உலகம் நினைத்திருந்த நேரம். மெல்ல எழுந்தாள்.

"சாரே, தலை கறங்குது. சீனி தாந்துட்டு. ஒரு கரண்டி சீனி தாருங்க."

'வாழ்ந்தறிந்த குரல்' ஒலித்துவிட்டது என்று அரங்கம் கைதட்டியது.

"சீனியா?" இரண்டு ஜெபசீலன்களும் ஒரே மைக்கில் கேட்டார்கள். "அம்மா, நாம எதை எதிர்த்துக் கூடியிருக்கோம்? விதிவிலக்கு வேணும்னா தீர்மானம் போடணும். முன்மொழியுறவங்க கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. ஜெஸ்மி நாற்காலியில் சரிந்தாள். பின்வரிசையிலிருந்து டாக்டர் ஜெபசீலனின் டிரைவர் சூசை துள்ளி எழுந்தார்.

"சாரே, காருல உங்களுக்க சீட்டுக்கு அடியில கலர் சோடா பாட்டில் கெடக்கில்லா? எடுத்துட்டு வாறேன்!"

டாக்டர் கண்களை மூடிக்கொண்டார். பிரார்த்தனையாக இருக்கலாம்.

ஓடிப்போய் வந்த சூசை, அவள் தலையைத் தாங்கிப் பிடித்துப் பாட்டிலை வாயருகே வைத்தார். "மெதுவா குடி மக்கா." கொஞ்ச நேரத்தில் அவளுக்கு உலகம் ஒற்றையாகத் தெரிந்தது. மேடை காலியாக இருந்தது. சொல் முடிவாகி எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் பேசவேண்டிய பேச்சு, பேசப்பட்டதாகக் குறிப்பில் ஏறிவிட்டிருந்தது.

அடுத்த வாரம் மாநாட்டு அறிக்கை போனில் வந்தது. கணவன் எபிசன் உரக்க வாசித்தான்.

"'மாநாட்டின் உடனடிப் பலனாக, பங்கேற்ற நோயாளியின் சர்க்கரை அளவு அன்று மதியத்துக்குள்ளேயே வெகுவாகக் குறைந்தது.' ஏட்டி, ஒன்னையத்தான் போட்டிருக்கு!"

ஜெஸ்மி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்ல காலம், சூசை அண்ணன் ஓடினாரு. இல்லேண்ணா, நோயாளி எண்ணிக்கையும் குறைஞ்சுதுண்ணு எழுதியிருப்பாவ."