கத்திரிக்காயில் தேறிய டிஸ்க்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்குகிறவர்கள் உண்டு, டயரை உருக்குகிறவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் புரோகிராமைக் கத்திரிக்காயை வைத்துப் பரீட்சை செய்தவர், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவரைக் கட்டுச்சோறு பாய் என்போம்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் லாரிகளுக்கு எடைமேடை செய்கிற ஒரு கம்பெனியில் நாங்கள் இருந்தோம். எனக்கு ஊர் திருப்பாச்சூர். தினமும் திருவள்ளூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, கும்மிடிப்பூண்டி வந்து சேர்வதற்குள் பாதி ஆயுள் போய்விடும். புதிதாகச் சேர்ந்தவர்களை ஆறு மாதம் பார்ப்பார்கள். தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். பாய் பழவேற்காட்டுக்காரர். குடும்பமே இறால் வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் தப்பித்துக் கம்ப்யூட்டர் பக்கம் வந்திருந்தார்.

நாங்கள் எழுதியது ஒரு லைப்ரரி, அதாவது இன்னொரு புரோகிராமுக்கு எடுபிடி வேலை செய்கிற துணைப் புரோகிராம். எடைமேடையிலிருந்து கேபிளில் வருகிற எடையைப் படித்து, வாடிக்கையாளரின் பில் போடும் புரோகிராமுக்கு எடுத்துக் கொடுக்கும். மேல் பாதி ‘பைத்தான்’ மொழி, அது சாது. அடிப் பாதி ‘சி’ மொழி. அதை நாங்களே கம்பைலரில் போட்டு, இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித்தான் அனுப்ப வேண்டும். வாங்குகிறவர்களிடம் கம்பைலர் இருக்காது. பல இடங்களில் மவுஸே அரைகுறையாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் சேர்த்துக் கட்டுவது பாயின் வேலை.

“போற எடத்துல அடுப்பு கீதா, வெறகு கீதான்னு நீ பாத்தியா? அரிசியக் குடுத்து அனுப்பாதம்மா. கட்டுச்சோறா அனுப்பு” என்பார். பெயர் வந்தது அப்படித்தான்.

சொன்னபடியே வாழவும் செய்தார். ஒரு தடவை சூளூர்பேட்டையில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போனோம். கீபோர்டு, சிடி டிரைவ், ஃபியூஸ் கம்பி, சாப்பாட்டுக்கு உப்பு வரை பையில் கட்டிக்கொண்டு வந்தார். வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறீர்களா என்று கண்டக்டர் கேட்டார். அங்கே போய்ப் பார்த்தால் அவர்களுடைய சிடி டிரைவுக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. திரும்பி வருகிற வழி முழுக்க பாய் அந்தப் பல்லியைப் புகழ்ந்துகொண்டே வந்தார்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது அவருடைய கேன்டீன் பரீட்சை. கேன்டீனின் மளிகை அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தார். ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னால் அதை முழுக்கத் துடைத்து, விண்டோஸ் மட்டும் போட்டு வைப்பார். அதற்குப் பெயர் ‘ஒண்ணுந்தெரியாத பெட்டி’. காய்கறி நிறுக்கிற தராசை அதோடு கேபிளில் இணைத்திருப்பார். டிஸ்க்கைப் போட்டு நிறுவ வேண்டியவர் கேன்டீன் கன்னியம்மா அக்கா. படித்தவர்களிடம் கொடுத்தால் கோளாறை அவர்களே சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டு போய்விடுவார்களாம்; அக்கா அந்தத் துரோகத்தைச் செய்ய மாட்டாராம். அக்கா பட்டனை அமுக்கி, தராசில் கத்திரிக்காயைக் கொட்டி, திரையில் எடை வந்தால்தான் பாய் தன் இழுப்பறையிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து டிஸ்க் உறையில் குத்துவார்.

எனக்கு இதெல்லாம் கிறுக்குத்தனமாகப் பட்டது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என் கம்ப்யூட்டரில் என் லைப்ரரி ஜோராக ஓடியது. ரம்ஜானுக்கு முதல் நாள் பாய் மத்தியானமே ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஓர் இரும்பு ஆலையிலிருந்து டிஸ்க் கேட்டு ஆள் வந்து நின்றான். என் ஆறு மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கும் ஆசையில் நானே டிஸ்க்கைத் தயார் செய்து, பாயின் இழுப்பறையைத் திறந்து, அவருடைய ஸ்டாம்பை நானே குத்திக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பண்டிகை. இரும்பு ஆலைக்குப் பண்டிகை ஏது? பழைய மென்பொருளை நீக்கிவிட்டு என்னுடையதைப் போட்டிருக்கிறார்கள். அது திறக்கவே இல்லை. எடை போட முடியாமல் லாரிகள் ஆலை வாசலிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நின்றுவிட்டன. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பார்த்த பார்வையிலேயே என் வேலை போய்விட்டது என்று தெரிந்தது. என் மெஷினில் நன்றாக ஓடியது சார் என்றேன். அப்படியானால் உன் மெஷினைக் கொண்டுபோய் அங்கே வை என்றார்.

அவர் போன் செய்ய, பாய் மொபெட்டில் வந்து இறங்கினார். புது வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. நேரே கேன்டீனுக்குப் போய் ஒண்ணுந்தெரியாத பெட்டியில் நான் அனுப்பிய டிஸ்க்கின் இன்னொரு பிரதியைப் போட்டார். அதுவும் திறக்கவில்லை. பத்து நிமிடத்தில் காரணத்தைப் பிடித்துவிட்டார். அடிப் பாதியை நான் சோதனைக்கான முறையிலேயே கம்பைல் செய்து அனுப்பியிருந்தேன். அது தேடுகிற ஒரு ஃபைல் கம்பைலர் இருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். என்னிடம் இருந்தது, ஆலையில் இல்லை.

சரியான முறையில் மறுபடி கம்பைல் செய்து டிஸ்க் போட்டோம். போன் விடாமல் அடித்தது. நான் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பாய் அசையவில்லை.

“எங்க ஓடுற? அக்கா பாத்திரம் கழுவிக்கினு கீறாங்க. கைய தொடச்சிக்கினு வரட்டும்.”

அக்கா நிதானமாக வந்தார், அமுக்கினார், கத்திரிக்காயைக் கொட்டினார். திரையில் மூன்று கிலோ இருநூறு என்று வந்தது. “காலைல நாலு கிலோ சொல்லிக் குடுத்தான் அந்தக் காய்க்காரன்” என்று அக்கா கோபமாகப் போய்விட்டார். பாய் ஸ்டாம்பைக் குத்தினார். மொபெட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போனார். ஒரே முயற்சியில் எடை வந்தது, லாரிகள் நகர்ந்தன.

திரும்பியதும் மேனேஜர், ஆலையிலிருந்து நாங்கள் கொண்டுவந்த பழைய டிஸ்க்கின் உறையை மேஜையில் போட்டு, பரீட்சை செய்யாமல் இதில் ஸ்டாம்ப் குத்தி அனுப்பியது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார்.

“ஸ்டாம்பு என்னுது சார். ஊருக்குப் போற அவசரத்துல பாக்காம குத்திட்டேன்.”

அத்தனை வருடத்தில் அவர் ஸ்டாம்ப் குத்திய ஒரு டிஸ்க் கூடத் திரும்பி வந்ததில்லை. அவருக்கு மெமோ கொடுத்தார்கள். வெளியே வந்ததும், உள்ளே போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று அழுதேன்.

“சொன்னா உனக்கு வேல பூடும். எனக்கு வெறும் காயிதம். போயி மூஞ்சக் கழுவு” என்றார். அதற்குப் பிறகு மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். மத்தியானம் மூன்று ஆகியிருந்தது. பண்டிகைச் சாப்பாட்டுக்கு வீட்டில் எல்லோரும் காத்திருப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம் என் வேலை நிரந்தரமானது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. திருப்பாச்சூர் சிவன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய் அர்ச்சனைத் தட்டை என் கையில் கொடுத்தாள். குருக்கள் பெயர் கேட்டார். பாயின் சொந்தப் பெயரைச் சொன்னேன். அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். குருக்களும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நட்சத்திரம் கேட்டார், தெரியாது என்றேன். பரவாயில்லை என்று சொல்லி, அந்தப் பெயருக்கே அர்ச்சனை செய்தார்.