இன்னல் மதிப்பெண் அறுபத்தொன்று

மனிதன் எங்காவது ஓர் இடத்தில் குடியிருந்தாக வேண்டும் என்பதில் சாத்திரங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எந்த இடத்தில், என்ன வாடகைக்கு என்ற கேள்விக்கு மட்டும் அவை பதில் சொல்லாமல் நழுவிவிட்டதால், அந்தப் பொறுப்பை அரசு ஏற்க வேண்டியதாயிற்று. இவ்வாறு தோன்றியதே தஞ்சாவூர் குறைவாடகைப் பகுதிகள் கண்டறிதல் மற்றும் நிலைநிறுத்தல் அலுவலகம்.

வளவன் குடவாசலிலிருந்து தஞ்சாவூருக்கு மாற்றலாகி வந்த இளநிலை உதவியாளர். மனைவி பூவிழி கணக்கு டீச்சர். மகள் கனிமொழி பத்தாம் வகுப்பு. அதற்குள் நான்கு பள்ளிகளைப் பார்த்துவிட்டவள், தஞ்சாவூரில் சேர்ந்தது ஐந்தாவது. "பரீட்சை முடியிற வரைக்கும் வீடும் மாறாது, ஸ்கூலும் மாறாது" என்று வளவன் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இப்படிப்பட்ட வாக்கைக் கொடுக்கச் சொந்த வீடு வேண்டும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் வாரம் தாங்களாகவே வீடு தேடினார்கள். வீட்டு உரிமையாளர்கள் அன்பானவர்கள். மோர் கொடுத்தார்கள். பிறகு ஊர் கேட்டார்கள். குடவாசல் என்றதும் "நல்ல ஊராச்சே" என்றார்கள். "குடவாசல்ல எந்தத் தெரு?" என்றார்கள். தெருவைச் சொன்னதும், நேற்றே வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனது அவர்களுக்கு நினைவு வந்தது. ஒரே வாரத்தில் பதினோரு பேருக்கு இப்படி ஞாபகசக்தி திரும்பியது.

ஆகவே அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே அலுவலர் சந்தானகிருஷ்ணன் மிகுந்த பொறுமையுடன் விளக்கினார்.

"வாடகை ஏன் ஏறுது? வசதி இருக்கறதால. வசதி இல்லாத இடத்துல வாடகை ஏற நியாயமில்ல. அதனால ஒவ்வொரு நகருக்கும் நாங்க இன்னல் மதிப்பெண் போடறோம். அறுபதுக்கு மேல வாங்கினா குறைவாடகைப் பகுதி. அங்க எட்டாயிரத்துக்கு மேல ஒரு ரூபா கேக்க முடியாது. நஞ்சைவளம் கார்டன்ல ஒரு வீடு காலியா இருக்கு."

"அங்க தண்ணி வருமா சார்?" என்றார் வளவன்.

"வராது. அதுக்குப் பத்து மார்க்."

"பஸ்?"

"பஸ்ஸே இல்லாத இடத்துக்கு எட்டு. வரும்னு போர்டு வச்சுட்டு வராத இடத்துக்குப் பன்னெண்டு. உங்களுக்குப் பன்னெண்டு."

"தெருவிளக்கு?"

"கம்பம் இருக்கு, விளக்கு இல்ல. இருட்டுக்கு ஏழு. கம்பத்துல இடிச்சுக்க வாய்ப்பு இருக்கறதால தனியா ரெண்டு."

பூவிழி கேட்டாள்: "இதுல ஏதாவது ஒண்ண சரி பண்ணிட்டா?"

அலுவலர் முகம் வாடியது. "அப்படியெல்லாம் நடக்க விட மாட்டோம்மா."

இந்தப் பக்கத்தில் ஒரு நகருக்குப் பெயர் சூட்டும் முறை எளியது. எதை மூடினார்களோ அதன் பெயரை வைத்துவிடுவார்கள். நஞ்சையை மூடிய இடம் நஞ்சைவளம் கார்டன்; வாய்க்காலை மூடிய அடுத்த மனைப்பிரிவு ஆற்றோரம் அவென்யூ. கல்லறையில் பெயர் பொறிப்பது போன்ற ஒரு மரியாதை. அங்கே எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. தெரு என்று சொல்லும்படி எதுவும் இல்லாதது காரணமாக இருக்கலாம்.

குடியேறிய அன்றே குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் இர்பான் வந்தார். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர்.

"டீச்சர், நமக்கு அறுபத்தொண்ணு. ஒரே ஒரு மார்க்குதான் கையில இருக்கு. மனு கினு எழுதிடாதீங்க. போன வருசம் ஒருத்தர் எழுதப்போய் விளக்கு எரிஞ்சிருச்சு."

"அப்புறம்?"

"ஏணி போட்டு ஏறி, எரியாம பண்ணிட்டேன். மார்க்கு திரும்பி வந்துருச்சு."

சங்கம் கட்டுக்கோப்பாக இயங்கியது. சாலைப் பள்ளங்கள் தூர்ந்துவிடாமல் காக்க ஒரு குழு இருந்தது. ஆய்வு நாளில் தெருநாய்கள் குறைந்தால், ஆற்றோரம் அவென்யூவிலிருந்து நான்கை ரொட்டித் துண்டு காட்டி இரவல் வாங்கிவர ஒரு குழு இருந்தது. அவர்கள் ஆய்வுக்கு நம் நாய்கள் போய்வரும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நிலத்துக்குத் தன் பெயர் நினைவு வந்தது. முழங்கால் சேற்றில் கனிமொழி இரண்டாம் முறையாக விழுந்து, கணக்கு நோட்டைப் பிழிந்துகொண்டு வந்து நின்றாள். பூவிழி பக்கத்து வயலில் இரண்டாம் போகத் தாளடி நடவுக்கு மிஞ்சிக் கிடந்த நாற்று முடிகளை அள்ளி வந்தாள். புடவையைச் செருகிக்கொண்டாள்.

சேறான சாலையில் நாற்று நடுவது நம் நாட்டில் எல்லாரும் அறிந்த போராட்ட முறைதான். வழக்கமாக நாலு பேர் நாலு முடியைக் கோணலாக ஊன்றி, படம் எடுத்துக்கொண்டு, கால் கழுவப் போய்விடுவார்கள். ஆனால் பூவிழியின் அம்மா ஆயுள் முழுக்க நடவு நட்டவள். மகளை அவள் படிக்கவைத்ததே சேற்றில் இறங்காமல் இருப்பதற்காகத்தான். படிப்பு காலை மாற்றியிருந்தது, கையை மாற்றவில்லை. வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை பிசகாமல் நட்டு முடித்த பிறகே பூவிழி நிமிர்ந்தாள்.

"ரோடு போட்டுருவாங்க டீச்சர்" என்று இர்பான் கண் கலங்கினார்.

அவர் அலுவலகத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். கோப்பு நகர்ந்து அலுவலர் வந்து சேரப் பதினெட்டு நாள் ஆயிற்று. அதற்குள் பயிர் வேர் பிடித்துப் பச்சை கட்டி நின்றது. சந்தானகிருஷ்ணன் வேலியோரமாக நின்று நெடுநேரம் பார்த்தார்.

"நின்ன பயிர் மேல ரோடு போட விதியில்ல. அறுவடை வரைக்கும் காத்திருக்கணும். யார் சாகுபடி?"

"நான்தான் சார்."

எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதும் பதிவேட்டுக்கு அடங்கல் என்று பெயர். அதில் பூவிழியின் பெயர் ஏறியது. 'வாசலில் பயிர், வழி இல்லை' என்ற தலைப்பில் நகருக்குப் பதினைந்து மார்க் கூடியது. மொத்தம் எழுபத்தாறு. சங்கம் அன்று சர்க்கரைப் பொங்கல் வைத்தது.

பொங்கல் ஆறுவதற்குள் ஒரு கார் வந்து சேற்றில் சிக்கியது. இறங்கியவர்கள் சாய்ராமும் மாளவிகாவும். பெங்களூரில் கணினி வேலை பார்ப்பவர்கள், நிதானமான வாழ்க்கை வாழ்வதற்கு அவசரமாக இடம் தேடுபவர்கள்.

"வாசல்லயே வயல், சாய்."

"தெருவிளக்கே இல்ல பாரு. நட்சத்திரமெல்லாம் தெரியும்."

"பஸ் சத்தம்கூட கிடையாதாம். தண்ணி நாமளே போய் எடுத்துட்டு வரணுமாம். ஜிம்முக்கு வேற தனியா போக வேண்டாம்."

வளவன் வீட்டு உரிமையாளரிடம் அவர்களாகவே இருபத்தைந்தாயிரம் என்றார்கள். மறுவாரம் இன்னும் நான்கு கார்கள் சிக்கின. அலுவலர் மறு ஆய்வுக்கு வந்தார்.

"இன்னல்னா என்ன? யாரும் விரும்பாதது. இப்ப விரும்பி வர்றாங்க. அப்ப இது இன்னல் இல்ல, வசதி" என்று எழுபத்தாறையும் அடித்துச் சுழியம் போட்டார். தை பிறப்பதற்குள் வாடகையை ஏற்றிக் கொடு அல்லது காலி செய் என்று வளவனுக்குக் கடிதம் வந்தது. பழைய வாடகைக்கு இனிப் பாபநாசம் தாண்டித்தான் கிடைக்கும்.

"அப்ப ஆறாவது ஸ்கூலாப்பா?" என்றாள் கனிமொழி. வளவன் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை, முன்பு அதற்கும் மூன்று மார்க் இருந்தது.

மறுநாள் பூவிழி அலுவலகத்துக்குப் போனாள்.

"வீட்டு வாடகைக்காரர வெளியேத்தலாமா சார்?"

"தாராளமா."

"நிலத்துல சாகுபடி செய்றவர?"

"அது முடியாது. அதுக்குச் சட்டம் இருக்கு."

"அடங்கல்ல யார் பேரு இருக்கு?"

சந்தானகிருஷ்ணன் பதிவேட்டைப் பார்த்தார். கையெழுத்து அவருடையதே.

"பயிர் தெருவுல இருக்கும்மா. நீங்க வீட்டுல இருக்கீங்க."

"வீட்டுல இருந்தாத்தானே மாடு மேயாம பாத்துக்க முடியும்?"

தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டவர் அவர். நெற்றியைத் தேய்த்துவிட்டு, மேற்படி வீடு 'பயிர்க் காவலுக்கான கொட்டகை' எனக் கருதப்படும் என்று எழுதினார். கொட்டகைக்கு வாடகை ஏற்ற விதியில்லை. அறுவடை முடியும்வரை, அதற்குப் பின் அடுத்த பயிர் முடியும்வரை, பழைய எட்டாயிரம்.

செய்தி பரவியது. மாசிக்குள் தஞ்சாவூரின் வாடகைக் குடும்பங்கள் எல்லாம் வாசலை உழத் தொடங்கின. தண்ணீர் வராத நகர்களில் லாரித் தண்ணீர் வாங்கித் தெருவைச் சேறாக்கினார்கள். நாற்று கிடைத்தது, நடத்தான் யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூவிழி நடவு வகுப்பு எடுத்தாள். பங்குனி வெயிலில் வரப்பில் குடை பிடித்து நின்று, குனிந்திருந்த வங்கி மேலாளரைப் பார்த்து, "என்ன சார், வெத்தலை கிள்ளுற மாதிரி நடுறீங்க. குனிஞ்ச முதுகு நிமிரக் கூடாது" என்றாள். உள்ளே கனிமொழி படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கணக்குப் பரீட்சை, அதே பள்ளியில்.

அப்போது கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். சந்தானகிருஷ்ணன். அவரும் வாடகை வீடுதான். அவர் வீட்டையும் யாரோ பெங்களூர்க்காரர்கள் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வளவன் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"நடத் தெரியுமா சார்?" என்றாள் பூவிழி.

"எங்க தாத்தாவுக்கு நாப்பது ஏக்கர் இருந்துது."

"அத கேக்கல சார். நடத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

பூவிழி நோட்டைப் பிரித்தாள். "நல்லது. எந்தத் தெரு?"

அவர் சொன்னார். போன வைகாசியில் ஒரே நாளில் மூன்று உரிமையாளர்களுக்கு ஞாபகசக்தி திரும்பிய தெரு அது.

பூவிழி நோட்டை மூடினாள். வகுப்பு நேற்றே நிரம்பிவிட்டது அவளுக்கு நினைவு வந்தது.