பன்னீர் சொம்பும் கைவினை வோட்காவும்

தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தில் எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. பன்னீர் சொம்பை நிரப்ப வேண்டும். வருகிறவர்கள் மேல் தெளிக்க வேண்டும்.

பத்திரிகையின் குழந்தைகள் பக்கத்தில் பல வருடமாக எழுதுகிறவள் நான். சோப்பு எப்படி நுரைக்கிறது, பென்சிலுக்குள் கரி எப்படிப் போகிறது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிற ஆள். ஒரு சொம்பை நிரப்பத் தெரியாதா?

விசேஷம் வேங்கிக்காலில், தங்கை சாந்தியின் புது வீட்டில். மாப்பிள்ளை வீட்டார் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பாவைப் பற்றிச் சாந்தி காலையிலிருந்தே எச்சரித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குள் மதுக்கடை வரக் கூடாது என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்தவர் அவர். பெண் பார்க்க வந்தபோது நகையைப் பற்றிப் பேசவில்லை, காரைப் பற்றிப் பேசவில்லை. இந்த வீட்டில் யாராவது குடிப்பார்களா என்று மட்டும் கேட்டாராம். இந்த வாசப்படிக்குள் ஒரு சொட்டு வந்ததில்லை என்று சாந்தி சாமி படத்துக்கு முன்னால் சொன்ன பிறகுதான் காபியையே கையில் எடுத்திருக்கிறார்.

நிவேதாவுக்கோ பையனை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. ஆக, எதிலும் குறை வந்துவிடக் கூடாது.

"அக்கா, பன்னீர் கிச்சன் ஷெல்ஃப்ல இருக்கு. நீயே பாத்து எடுத்துக்கோ" என்றாள் சாந்தி.

பார்த்தேன். அதுதான் வினை.

ஷெல்ஃபில் இரண்டு பாட்டில்கள். ஒன்று பிளாஸ்டிக். மேலே ஒரு ரோஜாப் படம், வேறு விவரமே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் தொடாதீர்கள் என்று குழந்தைகளுக்கு எழுதி எழுதிக் கை தேய்ந்தவள் நான். அதைத் தள்ளி வைத்தேன்.

இன்னொன்று கண்ணாடி. அடிப்பாதிக்கு வாழைநாரில் பின்னிய உறை. மேல்பாதியில் மலைப் படம், அதைச் சுற்றிக் கோலம், 'மலைத்துளி' என்று பெயர். கீழே விவரமும் இருந்தது. மலையடிவார ஊற்று நீர். பாரம்பரியக் கிச்சிலி சம்பா. செம்புப் பாத்திரத்தில் நிதானமாக வடித்தது. விடியலில் பறித்த ரோஜா இதழ். வெட்டிவேர். கடைசியாக, 'ஒவ்வொரு துளியிலும் ஒரு பிரார்த்தனை.'

ஒரு எழுத்து விடாமல் படித்தேன். பன்னீருக்கு அரிசி எதற்கு என்று மட்டும் ஒரு கணம் இடித்தது. அரிசி கழுவிய தண்ணீர் தோலுக்கு நல்லது என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்களே, அந்த வகையாக இருக்கும் என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். விளக்கம் சொல்வதுதானே என் தொழில்.

சொம்பில் ஊற்றியபோது ரோஜா மணத்தது. அதற்குப் பின்னாலேயே ஊசி போடும் முன் கையில் தேய்ப்பார்களே, அந்தப் பஞ்சு வாசனையும் வந்தது. கெடாமல் இருக்க ஏதோ சேர்த்திருக்கிறார்கள், சுத்தமான கம்பெனி என்று மெச்சிக்கொண்டேன். படிக்கத் தெரியாதவளாக இருந்திருந்தால் அப்போதே கொட்டியிருப்பேன்.

வேன் வந்தது. வாசலில் நின்று தெளித்தேன். பெண்களுக்கு அளவாக. குழந்தைகளுக்கு ஒதுங்கி ஓடியதால் கம்மியாக. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மட்டும் மரியாதை கருதி ஜாஸ்தியாக. வெள்ளைச் சட்டை தோளில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு.

கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி ஏசி போட்ட ஹாலில் எல்லாரையும் உட்கார வைத்தோம்.

முதலில் மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சுருக்கினார். பக்கத்தில் இருந்த கணவர் பக்கம் லேசாகச் சாய்ந்தார். நிமிர்ந்தார். மறுபடி சாய்ந்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னாங்க, இன்னைக்குப் போயா?" என்றார்.

அவருக்குப் புரியவில்லை. சொம்போடு பின்னால் நின்றிருந்த எனக்கும் புரியவில்லை.

அடுத்து மாப்பிள்ளையின் தாய்மாமா. அந்தக் குடும்பத்தில் குடிப்பவர் அவர் ஒருவர்தான். அதற்காக அக்காள் வீட்டுக்காரரிடம் போகிற விசேஷத்திலெல்லாம் பாட்டு வாங்குகிறவர் என்று பிறகு தெரிந்தது. அவர் எட்டி மோந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு கருணை. சட்டைப்பையிலிருந்து ஏலக்காய் எடுத்து மாப்பிள்ளையின் அப்பா கையில் அழுத்தினார்.

"டென்ஷன்ல இதெல்லாம் சகஜம் மாமா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

மாப்பிள்ளையின் அப்பா அப்போதுதான் தன் தோளைத் தானே மோந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

சாந்தியின் கணவர் பயணம் சௌகரியமா என்று கேட்டதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஐயர் லக்னப் பத்திரிகையை வாசித்து முடித்து, தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் வாசனையும் கூட எழும் என்று பயந்திருப்பார். பெண் பிடிக்கவில்லையோ, ஏதாவது கேள்விப்பட்டுவிட்டாரோ என்று சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நிவேதா தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

திடீரென்று அவர் எழுந்து நின்று, யாரும் கேட்காமலே சொன்னார்.

"நான் குடிக்கல."

குடிக்காதவர் யாராவது அப்படிச் சொல்வார்களா என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. தாய்மாமா மட்டும், "உக்காருங்க மாமா, உக்காருங்க" என்று தாங்கிப் பிடிக்கப் போனார்.

நான் என் உள்ளங்கையை மோந்தேன். பிறகு நடந்த நடை, நடை அல்ல. கிச்சனுக்கு ஓட்டம். வாழைநார் உறையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே, எறும்பு அளவில், ஆங்கிலத்தில், வோட்கா. குடிப்பது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கைக்கும் அந்த உறைக்குள்தான் இடம் கொடுத்திருந்தார்கள்.

பின்னாலேயே வந்தான் சரண், நிவேதாவின் அண்ணன். பெங்களூரில் டிசைன் வேலை என்று சாந்தி எல்லாரிடமும் சொல்வாள். பாட்டிலுக்குப் பெயர் வைத்து, படம் போட்டு, கதை கட்டுவதுதான் அந்த டிசைன் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. எங்கள் ஊர் மலையோடு சேர்த்து போட்டோ எடுக்க சாம்பிள் கொண்டுவந்தானாம். பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று ஷெல்ஃபிலேயே வைத்தானாம்.

"பெரியம்மா, அது கிராஃப்ட் வோட்கா. இன்னும் கடைக்கே வரல. அதைப் போயி தெளிச்சிட்டீங்களே" என்றான் வருத்தத்தோடு. தங்கச்சி கல்யாணத்தைப் பற்றிய வருத்தம் இல்லை. பாட்டிலைப் பற்றிய வருத்தம்.

மலை ஊற்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஃபேக்டரி ஆர்.ஓ. தண்ணீராம். செம்புப் பாத்திரம்? போட்டோவுக்கு வாடகைக்கு எடுத்ததாம். விடியலில் பறித்த ரோஜா? எசென்ஸ். சரக்கு யார் காய்ச்சுகிறார்கள் என்றதற்கு, அது எங்கிருந்தோ டேங்கரில் வரும் என்றான்.

"அப்போ பிரார்த்தனை?"

"அது நான் எழுதனது பெரியம்மா" என்றான், கொஞ்சம் வெட்கத்தோடு.

வோட்கா என்றால் என்ன என்று குழந்தைகள் பக்கத்தில் எழுத முடியாது. இங்கே எழுதுகிறேன். தானியமோ கிழங்கோ எதையாவது புளிக்க வைப்பார்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்து, அது எதிலிருந்து வந்தது என்ற அடையாளமே இல்லாமல் செய்வார்கள். பிறகு தண்ணீர் கலப்பார்கள். நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை என்பதுதான் அதன் பெருமை. இவ்வளவு பாடுபட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஊற்று, செம்பு, விடியல், வெட்டிவேர் என்று எல்லாவற்றையும் அட்டையில் திரும்ப ஒட்டுவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் எங்கள் வீட்டுப் பிள்ளை.

சொல்லாமல் விட்டால் ஒரு யோக்கியர் குடிகாரர் ஆகிவிடுவார். சொன்னால் சாந்தி சாமி படத்துக்கு முன்னால் சொன்னது பொய்யாகிவிடும். பாட்டிலையும் சரணையும் இழுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். குடிக்கவில்லை, தெளித்திருக்கிறோம் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமாக ஒலிக்கிறது என்று தெரிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா பாட்டிலை மச்சானிடம் நீட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிக்கச் சொன்னார். சின்ன எழுத்தையும் சேர்த்து. தாய்மாமா படித்தார். பிரார்த்தனை வரைக்கும் வந்தவருக்கு மேலே போக முடியவில்லை.

"ரோஜா வாசனை போட்டு சரக்கா? குடிக்கிறவன இதைவிடக் கேவலப்படுத்த முடியாதுங்க" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது. சரணைக் கூப்பிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிட்டு வரச் சொன்னார். அவன் வாசல் தென்னை மரத்துப் பக்கம் போனான்.

"அங்க ஊத்தாத. மரம் என்னா பாவம் பண்ணுச்சு? சாக்கடையில ஊத்து."

ஊற்றினான். எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தான். சம்பந்தி இனி என்ன சொல்லப் போகிறாரோ என்று சாந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மனைவிதான் முந்திக்கொண்டார்.

"தட்டை மாத்துங்க. வீட்டுக்குப் போனா தினமும் உரம், மாட்டுச் சாணினு நாறுவாரு. இன்னைக்குத்தான் ரோஜாவா மணக்கறாரு."

சிரித்தது முதலில் நிவேதா. அப்புறம் ஹாலே சிரித்தது. தட்டு மாறியது.

கிளம்பும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் பேசினார். கல்யாணத்துக்குப் பன்னீர் அவர்கள் வீட்டுப் பொறுப்பாம். வரவேற்பு மேஜையில் நான் கல்கண்டுத் தட்டை எடுத்துக்கொள்ளலாமாம்.

முதல் கல்கண்டை அவரே வாயில் போட்டுப் பார்த்த பிறகு.