கல்லுவேலில் வீட்டுக்காரனாக நான் பட்ட பாடு

மதிப்பும் பிரியமும் நிறைந்த அவிராச்சன் மச்சானுக்கு,

காஞ்சிரப்பள்ளியிலிருந்து தங்கை கணவன் குருவிளா எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை ஏலியாம்மாவும் மகள் ரின்சியும் ஆண்டவர் கிருபையால் சுகம். எறணாகுளத்தில் நீங்களும் அக்காவும் அந்தக் கொசுக்களுக்கு நடுவே சுகமாக இருக்க மன்றாடுகிறேன். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் போனில் முணுமுணுத்தாலும் ஏலியாம்மாவுக்கு அடுக்களையில் கேட்கும். அதனால் ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையில் ஒளிந்துகொண்டு எழுதுகிறேன். எறணாகுளம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ரின்சிக்குக் கொண்டுவந்த சம்பந்தம் ஞாயிற்றுக்கிழமைக்குள் நின்றுபோக வேண்டும். பழியும் நம் மேல் விழக்கூடாது. காரணத்தைக் கீழே எழுதுகிறேன், தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் பையனின் ஊருக்குப் போய்ச் சாயாக்கடையிலும் சலூனிலும் ரகசியமாக நாலு வார்த்தை விசாரிக்காவிட்டால் அவன் என்ன அப்பன் என்று ஊரே கேட்கும். நீங்களும், "குருவிளா, நீயே போ, தைரியமா விசாரி" என்றீர்கள். தைரியம் என்ற சொல்லை என்னிடம் எதற்காகச் சொன்னீர்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கண்ணூர்ப் பக்கத்து மலையில் வெள்ளரிப்பாறை, அங்கே என்னை யாருக்குத் தெரியப்போகிறது என்ற ஒரே நம்பிக்கையில் பஸ் ஏறினேன். ஒன்றை மறந்துவிட்டேன் மச்சான். அந்த மலை முழுக்க நம் பாட்டன் காலத்தில் இங்கிருந்து காடு வெட்டப் போய்க் குடியேறியவர்களின் மலை. காஞ்சிரப்பள்ளியிலிருந்து பகலெல்லாம் பிரயாணம் செய்து நான் போய் இறங்கியது இன்னொரு காஞ்சிரப்பள்ளியில்.

பஸ்ஸிலேயே சகுனம் சரியில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு கன்னியாஸ்திரீ ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ரகசியம் காக்க வேண்டுமே என்று, கோழிக்கோட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்றார். வாய்க்கு வந்த பெயரைச் சொன்னேன். அவர் வேலை பார்ப்பதே அங்கேதானாம், எந்த டாக்டர் என்றார். நான் உடனே தூங்கிப்போனேன், அதாவது கண்ணை மூடிக்கொண்டேன். கோழிக்கோட்டில் அவர் இறங்கும்போது என் தோளைத் தட்டி, "ஏலியாம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார். ஏலியாம்மாவை எப்படித் தெரியும் என்று கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அங்கேயே இறங்கித் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் டிக்கெட் கடைசிவரைக்கும் எடுத்திருந்தேன்.

வெள்ளரிப்பாறையில் கூட்டு ஜீப்பை விட்டு இறங்கிச் சாயாக்கடையில் உட்கார்ந்தேன். இஞ்சி போடக் குத்தகைக்கு நிலம் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அதுவரை நன்றாகத்தான் போனது. கடைக்காரர் சாயாவை ஆற்றிக்கொண்டே, "அச்சாயனுக்கு வீட்டுப்பேரு என்ன?" என்றார். அதுதானே நம் ஆட்களின் முதல் கேள்வி! பெயரை மாற்றிச் சொல்லலாம், ஊரை மழுப்பலாம், வீட்டுப்பேரு என்ன என்று கேட்டுவிட்டால் மட்டும் பதில் சொல்லாமல் இருக்க நமக்கு வராது. சொந்த வீட்டுப்பேரைச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். பயத்தில் நாக்கில் வந்தது பக்கத்து வீட்டு மத்தாய்ச்சனின் வீட்டுப்பேரு. கல்லுவேலில் என்றேன். நான் இந்த இடத்தை வாங்கிக் குடிவந்த நாளாக மதிலோரப் பலாமரத்தை வைத்து என்னோடு முறைத்துக்கொண்டிருக்கிற அதே மத்தாய்ச்சன்தான். கையில் அரிவாளும் காலடியில் நாயும் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. தினமும் நினைத்து நடுங்குகிற பெயர் என்பதால் முதலில் அதுதான் வந்தது.

கடைக்காரர் சாயாவைக் கீழே வைத்துவிட்டார். "கல்லுவேலிலா? நம்ம திரேசியம்மாவோட பிறந்த வீடா?" என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குள் ஜீப்காரர் என் பையைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டார். பை போனால் நானும் போக வேண்டியதுதானே. வழியெல்லாம் அவர் வேலியோரம் நின்றவர்களிடம், திரேசியம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று கூவிக்கொண்டே வந்தார். யாரோ ஒரு திரேசியம்மா, எதையாவது சொல்லி இரண்டு நிமிஷத்தில் நழுவிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி நின்ற இடத்தில் வாசல் தூணில் இருந்த பெயரைப் படித்தேன். புதுப்பறம்பில் தேவஸ்யா. பையனின் அப்பா. என் பை அதற்குள் திண்ணைக்குப் போய்விட்டது.

திரேசியம்மா ஈரக்கையோடு அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். பையனின் அம்மா. "யாரு அனுப்பினது? அண்ணனா?" என்றார். பயந்தால் என் தலை தானாக ஆடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆடிவிட்டது. அவர் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார் மச்சான். தேவஸ்யா அந்தக் காலத்தில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தாராம். அவரைத்தான் கட்டுவேன் என்று இந்த அம்மா வீட்டை எதிர்த்து இறங்கி வந்துவிட்டாராம். அன்றிலிருந்து அந்த வீட்டு மனிதர் ஒருவர்கூட இந்த மலை ஏறியதில்லையாம். அப்பா செத்ததற்கும் சொல்லி அனுப்பவில்லையாம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே கப்பக்கிழங்கும் மத்திக் குழம்பும் வைத்துக்கொண்டேயிருந்தார். நானும் சாப்பிட்டுக்கொண்டேயிருந்தேன், வாய் நிறைந்திருக்கும்வரை பேச வேண்டியதில்லையே. அவர்கள் எழுதிய கடிதத்தில் பையனின் தாய்வீட்டு விவரம் "தெற்கே" என்று மட்டும் வந்ததற்குக் காரணம் இதுதான். அந்தத் தெற்கு என் வீட்டு மதிலுக்கு அடுத்த பக்கம் இருக்கும் என்று யார் கண்டது?

இனிமேல்தான் பயங்கரம். கை கழுவிவிட்டு வந்தால், தேவஸ்யா நாற்காலியை இழுத்து என் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். தன் மகனுக்குக் காஞ்சிரப்பள்ளியில் ஒரு பெண் பார்த்திருப்பதாகவும், வடக்கேல் குருவிளா என்பவரின் மகள் என்றும், நான் அந்த ஊர்க்காரன்தானே, ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். "அந்தக் குருவிளா எப்படிப்பட்ட ஆளு?"

நான் விசாரிக்கப் போனவன் மச்சான். என்னைப் பற்றி என்னிடமே விசாரிக்கிறார்கள். புகழ்ந்தால் கூலிக்கு வந்தவன் என்பார், இகழ்ந்தால் ரின்சியின் வாழ்க்கை போகும். யோசித்து யோசித்து, ஆள் மோசமில்லை, கொஞ்சம் பயந்த சுபாவம் என்றேன். தேவஸ்யாவின் முகம் சுருங்கிப்போனது.

"பயந்தவன் பொய் சொல்லுவானே. நான் எதை வேணா பொறுத்துக்குவேன், பொய் சொல்றவன் வீட்டுல மட்டும் பொண்ணு எடுக்க மாட்டேன்."

அப்பன் எப்படியிருந்தால் என்ன, பெண் தங்கமான பெண், காய்ச்சலில் கிடந்தால்கூட வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற பெண் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அது மட்டும் பொய்யில்லை. தேவஸ்யா சமாதானமாகி என் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவியின் பக்கத்திலிருந்து ஓர் ஆள் கிடைத்ததே பெரிது, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரும்போது என்னைக் காஞ்சிரப்பள்ளி பஸ் ஸ்டாண்டில் காரில் ஏற்றிக்கொள்வார்களாம், நான்தான் முன்னால் உட்கார்ந்து பெண் வீட்டுக்கு வழிகாட்ட வேண்டுமாம். புறப்படும்போது பையில் இரண்டு சேனைக்கிழங்கு போட்டு, ஜீப்வரை வந்து வழியனுப்பினார்.

என் நிலைமையைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்து, படியேறி, உள்ளே ஓடி, வாங்க வாங்க என்று என்னையே வரவேற்க வேண்டும். நான் கல்லுவேலில்காரன்தான் என்று சாதித்தால் பிள்ளைகள் இரண்டு பேரும் ரத்த உறவாகிவிடுவார்கள், நம் சபையில் சொந்தத்துக்குள் கட்டக்கூடாது, பாதிரியார் கல்யாணத்தை நடத்த மாட்டார். இல்லை என்று ஒப்புக்கொண்டால் பொய்யனாகிவிடுவேன், தேவஸ்யா நடத்த மாட்டார். இதற்கிடையில் அவர் வீட்டுப்பேரைத் திருடியது மத்தாய்ச்சன் காதுக்குப் போனால் கல்யாணம் வரைக்கும் நான் இருப்பேனா என்பதே சந்தேகம். சேனைக்கிழங்கு எங்கே வாங்கியது என்று ஏலியாம்மா கேட்டுக்கொண்டேயிருக்கிறாள். ஆகவே நீங்களே தேவஸ்யாவுக்குப் போன் செய்து, பெண்ணின் அப்பாவுக்கு மஞ்சள்காமாலை, ஆள் பிழைப்பது கஷ்டம், இப்போது எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரின்சி அந்தப் பையனின் போட்டோவை வேதபுத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலிக்கு நம் கோயிலில் மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லியிருக்கிறேன், எனக்காக நீங்கள் அங்கே ஒன்று ஏற்றுங்கள், கொஞ்சம் பெரியதாக. மாதாவின் காவல் எல்லோர் மேலும் இருக்கட்டும்.

இப்படிக்கு, நடுக்கத்துடன்,
குருவிளா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். எனக்கு மஞ்சள்காமாலை இல்லை. கண்டக்டருக்காகக் காத்து நிற்கும்போது போன் வந்தது, எடுத்தால் திரேசியம்மா. ரின்சியின் அப்பாதானே என்றார். குரலை மாற்றிக்கொண்டு ஆமாம் என்றேன். "குரலை மாத்தாதீங்க. பொண்ணு தங்கமான பொண்ணுன்னு சொல்றப்போ உங்க கண்ணு நெறஞ்சுது. ஊரான் வீட்டுப் பொண்ணுக்கு யாரும் அழ மாட்டாங்க" என்றார். தேவஸ்யாவிடமும் சொல்லிவிட்டாராம். அவர் முதலில் கோபப்பட்டாலும் கடைசியில், "தன்னைப் பத்திக் கேட்டப்போ பயந்தாங்கொள்ளின்னு உண்மையத்தானே சொன்னான், வரட்டும்" என்றாராம்.

இதெல்லாம் தற்செயலும் இல்லையாம் மச்சான். பத்திரிகையில் அத்தனை விளம்பரம் இருக்க, நம் விலாசம் தன் பிறந்த வீட்டுக்கு அடுத்தது என்று கண்டு திரேசியம்மாதான் இந்தச் சம்பந்தத்துக்கே எழுதச் சொன்னாராம். பெண் பார்க்கிற சாக்கில் மதிலுக்கு மேலாகத் தன் வீட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடலாம் என்று. "பொய்யா ஒருத்தர் வந்ததுக்கே எனக்கு வயிறு நெறஞ்சுபோச்சு. ஞாயித்துக்கிழமை நெசமா எங்க அண்ணன் உங்க வாசல்ல நிக்கணும். உங்களுக்குப் பயமா இருக்கும்னு தெரியும். இருந்தாலும் போய்ச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

போனேன். மத்தாய்ச்சன் அரிவாளோடு தேங்காய் மட்டை பிளந்துகொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடியே, வீட்டுப்பேரைத் திருடியதிலிருந்து எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். நாய் குரைத்தது, அதை அதட்டினார். அப்புறம் என்னைப் பார்க்காமல் இன்னொரு மட்டையைப் பிளந்துகொண்டே, "அவளுக்குத் தலை நரைச்சிருச்சா?" என்று கேட்டார். நரைத்துவிட்டது என்றேன். அரிவாளை மட்டைகளுக்கு மேல் வைத்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று கேட்டார்.